கொச்சிக்காய்க்குப் புதுப் பிரேக்

தோஹா
03.05.1996

அன்புள்ள றஞ்சிதத்துக்கு,

வெயில் மனிதனை வறுத்தெடுக்கிறது என்பதைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. உமது முழங்கால் நோவு எப்படி? மேல்மாடியில் மாக்ரெட் அன்ரியும் மகளும் சுகந்தானே? வீட்டுக்காரி என்றாலும் அந்த மனுஷி உமக்குத் துணையாக இருப்பதால்தான் நான் நிம்மதியாக வேலை பார்க்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் வேலைத்தலத்துக்கு ஒரு வெள்ளைக்காரரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் உடைக்க வந்தது. நம் கார் கொச்சிக்காயின் சொந்தத் தங்கச்சி என்றே சொல்லலாம். அதே மிளகாய்ச் சிவப்பு, அதே இரண்டு சீட், அதே மடிக்கிற கூரை, இரண்டு வருடம் இளையது. நம்முடையதில் நாலு சில்லுக்கும் பழைய ட்ரம் பிரேக். இதில் முன்சில்லு இரண்டுக்கும் டிஸ்க் பிரேக். மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, டிஸ்க் இரண்டு, அவற்றைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பர் இரண்டு, மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி எடுத்துவிட்டேன். வத்தளைக்காரர் ஒருவர் அடுத்த கிழமை ஊருக்கு வருகிறார். அவர் கையில் அனுப்புகிறேன்.

போன வருடம் நான் புறப்படுவதற்கு முந்திய கிழமை, வெள்ளவத்தைப் பாலத்தடியில் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றியில் நடந்தது உமக்கு மறந்திருக்காது. காலால் முழுப்பலத்தையும் கொடுத்து மிதித்தும் கார் அவர்கள் ரோட்டில் வைத்த பீப்பாவைத் தாண்டி இரண்டடி போய்த்தான் நின்றது. ஆமிக்காரன் துவக்கை இழுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நாலு அடி போயிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமும் இல்லை, வாசிக்க நீரும் இல்லை. இந்தக் காலத்தில் கொழும்பில் கார் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவேண்டும்.

எந்தக் கலிப்பர் எந்தப் பக்கத்துக்கு என்று வெள்ளைப் பெயின்றால் ‘இ’, ‘வ’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் நீர் ஒன்றையும் தொட வேண்டாம். கட்டிலுக்குக் கீழே வையும். டிசம்பரில் லீவில் வந்து நானே பூட்டுவேன். நீர் சீட்டில் இருந்து பெடலை மிதிக்க, நான் சில்லடியில் படுத்து பிரேக் எண்ணெயில் தங்கிய காற்றை எடுக்க, பழையபடி ‘மிதி, பிடி, விடு’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை நினைத்துக்கொண்டுதான் இங்கே நாளை ஓட்டுகிறேன்.

உமது அன்பு மறவாத
வரதராசா


வெள்ளவத்தை
22.05.1996

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். முழங்காலும் சுகம், நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். வெயிலில் நிற்கும்போது தொப்பியைப் போடுங்கள். தலையில் இருப்பதே கொஞ்சம், அதையும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு மூன்று நாள் முந்தியே சாமான் வந்துவிட்டது. நானும் மாக்ரெட் அன்ரியும் வத்தளைக்குப் போய் ஒரு உரப்பையில் போட்டு பஸ்சில் கொண்டுவந்தோம். அந்த எழுத்துகளைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏன் அத்தான், கொழும்பு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு மறந்துபோச்சா? கனமான இரும்புச் சாமான், அதில் தமிழில் எழுத்து! பையைத் திறந்து பார்க்கிறவன் பிரேக் என்றா நினைப்பான்? அங்கேயே கிணற்றடியில் வைத்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டேன். வழியில் மூன்று இடத்தில் இறக்கினார்கள். எழுத்தில்லாதபடியால் பிரச்சினையில்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோலத்தான் இருக்கின்றன.

இனி நீங்கள் கோபிக்கப் போகிற விஷயம். மாக்ரெட் அன்ரியின் மகளுக்குக் கலியாணம். செப்ரெம்பர் 14, சனிக்கிழமை, கொட்டாஞ்சேனை மாதா கோவிலில். மாப்பிள்ளை ஓட்ட, இருவரும் கோவிலிலிருந்து ஹோலுக்கு நம் கொச்சிக்காயில் போக வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு ஆசை. வாடகையை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்காத மனுஷி, இதை வாய்விட்டுக் கேட்டார். எப்படி மாட்டேன் என்பது? பழைய பிரேக்கோடு கொடுக்கவும் பயம். அதனால் அவருக்குத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பூட்டப் போகிறேன். றவூப் நானா என்று பெயர். கிராண்ட்பாசில் இருக்கிறார், புறக்கோட்டை லொறிகளுக்கு பிரேக் பார்க்கிறவர். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார்.

டிசம்பரில் நீங்கள் வரும்போது புதுப் பிரேக்கில் உங்களை ஏற்றிக்கொண்டு போகலாம்தானே.

உங்கள் றஞ்சிதம்


தோஹா
07.06.1996

அன்புள்ள றஞ்சிதத்துக்கு,

உமது மே 22ந் திகதிக் கடிதம் ஜூன் 2ந் திகதி கிடைத்தது. கொஞ்சம் இருமல், மற்றப்படி சுகம். நீரும் சுகமென்று கடிதத்தில் தெரிகிறது. சுகமில்லாத ஆட்கள் இவ்வளவு சந்தோஷமாக எழுதமாட்டார்கள்.

தொட வேண்டாம் என்று நான் எழுதியதைத் தமிழில்தானே எழுதினேன்? அந்தக் கார் ஒரு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. ஐந்து வருடம், ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு நட்டாக நான் கட்டி எழுப்பினேன். அதில் வேறு ஒருவன் கைபடவில்லை. இப்போது லொறி திருத்துகிற பாஸ் ஒருவர் வந்து சுத்தியலால் தட்டப் போகிறாராக்கும்.

சிரிக்கச் சிரிக்கக் கதைப்பார் என்று எழுதியிருக்கிறீர். பிரேக் பூட்டுகிறவருக்கு அந்தத் தகுதியும் வேண்டும் என்று நான் இதுவரை அறியவில்லை. நான் வேலை செய்யும்போது கதைக்கிறதில்லை என்று நீர் குறைசொல்வதுண்டு. உமக்கு இப்போது அந்தக் குறை தீர்ந்தது.

ஆளுக்கு என்ன வயது? குடும்பம் இருக்கிறதா? சும்மா அறிவதற்குத்தான் கேட்கிறேன். காற்று எடுக்கும்போது பெடலை யார் மிதிப்பது? அதையும் எழுதும்.

பூட்டவே வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். கலியாணத்துக்கு வேறு கார் பிடிக்கச் சொல்லும். கொழும்பில் காருக்கா பஞ்சம்?

உமது வரதராசா


வெள்ளவத்தை
24.06.1996

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் 18ந் திகதி வந்தது. அதற்குள் எல்லாம் பூட்டி முடிந்துவிட்டது. வேண்டாம் என்றது பிந்திப்போய்ச் சேர்ந்தது, அதற்குத் தபால்காரரைத்தான் கோபிக்க வேண்டும். நான் சுகம். உங்கள் இருமல் விட்டதா?

முதல் ஞாயிறு முன்சில்லுப் பழைய ட்ரம் இரண்டையும் கழற்றினார். டிஸ்க்கைக் கண்டதும் றவூப் நானா “இது என்ன தங்கச்சி, கறி வைக்கிற தட்டு மாதிரி ஈக்கி” என்று கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லொறிக்கெல்லாம் ட்ரம்தானே, வாழ்நாள் முழுக்க அதுதான் அவருக்குப் பழக்கம். ஆனாலும் விடவில்லை. இரண்டாம் ஞாயிறு பூட்டி முடித்தார். பின்னேரம் காற்று எடுத்தோம். நீங்கள் செய்கிற மாதிரியே தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கி, ஜாம் போத்தலில் ரியூப்பை விட்டு, குமிழி வராமல் எண்ணெய் மட்டும் வரும்வரைக்கும். என் தலைமயிரெல்லாம் பிரேக் ஒயில். சீயாக்காய் போட்டு மூன்றுமுறை முழுகியும் மணம் போகவில்லை.

ஒரு குறை. பெடலை முதல்முறை மிதித்தால் பஞ்சு மாதிரிக் கீழே போகிறது. இரண்டாம் முறை மிதித்தால் கல் மாதிரிப் பிடிக்கிறது. புது டிஸ்க், கொஞ்சம் ஓடிப் படிந்தால் சரிவரும் என்கிறார். போன ஞாயிறும் வந்து மறுபடி காற்று எடுத்தோம். அப்படியேதான் இருக்கிறது. வருகிற ஞாயிறும் வருவார்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். உங்களைப்போல இந்தக் காரைத் தெரிந்தவர் யார்?

உங்கள் றஞ்சிதம்


தோஹா
12.07.1996

றஞ்சிதத்துக்கு,

ஜூன் 24ந் திகதிக் கடிதம் 4ந் திகதி வந்தது. இருமல் விட்டது.

அதே கிழமை வத்தளை மயிலம்மா மாமியிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. மாமி ஒன்றும் தப்பாக எழுதவில்லை. “உன்ர வீட்டு முற்றத்தில ஞாயிற்றுக்கிழமையில ஒரே சிரிப்பும் கும்மாளமும், நல்ல கலகலப்பாய் இருக்கு தம்பி” என்றுதான் எழுதியிருந்தா. நான் வாசித்துவிட்டுச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மூன்று ஞாயிறாகக் காற்று எடுக்கிறீர்கள். நான் எடுத்தால் முக்கால் மணித்தியாலம். அந்த ஆளுக்கு வேலை தெரியவில்லையா, அல்லது முடிக்க மனமில்லையா? வயது கேட்டேன், பதில் இல்லை. குடும்பம் கேட்டேன், பதில் இல்லை. யார் மிதிப்பது என்று கேட்டேன், அதற்கும் இல்லை. பெடலில் இருப்பவரின் தலைமயிரில் எப்படி அம்மா பிரேக் ஒயில் படும்? இத்தனை வருடம் எனக்கு மிதித்தீரே, ஒருநாளாவது உமது தலையில் ஒரு சொட்டு பட்டதா? அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தீரோ?

எனக்குப் பொறாமை என்று நீர் நினைக்கலாம். ஓம், பொறாமைதான். ஒளிக்க என்ன இருக்கிறது? என் வீடு, என் கார், என் ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றிலும் வேறு ஒருவர் இருக்கிறார். நான் இங்கே பதினாறு பேர் படுக்கிற அறையில் கிடந்து சுவரைப் பார்க்கிறேன். ‘மிதி, பிடி, விடு’ என்று அவர் சொல்கிற குரல் எனக்கு இங்கே கேட்கிறது.

ஒன்றை மட்டும் பார்த்து எழுதும். கலிப்பரில் காற்றை வெளியேற்றுகிற எயர் நிப்பிள், திருகு மாதிரி ஒன்று இருக்கும். அது மேலே பார்த்திருக்கிறதா, கீழே பார்த்திருக்கிறதா? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

வரதராசா


வெள்ளவத்தை
02.08.1996

அத்தானுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது.

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். கிழித்ததில் இருந்ததை நீங்கள் வாசிக்காதது நல்லது.

மயிலம்மா மாமி வந்தா. நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், வாய்ப்பன் சுட்டுக் கொடுத்தேன். வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் போய் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறா. எழுதட்டும். மாமியை எனக்கு இன்றா தெரியும்? ஆனால் நீங்கள் அதை வாசித்துவிட்டுச் சோற்றை மூடி வைத்தீர்களாம். ஏழு வருடம் என்னோடு குடும்பம் நடத்தினது நீங்களா, மாமியா?

யார் மிதிக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். சொல்லமாட்டேன். ஒரு வரியில் சொல்லிவிடலாம், நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் நீங்கள் கேட்ட விதம் இருக்கிறதே, அதற்கு நான் பதில் சொன்னால் இனி ஒவ்வொரு மாதமும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிவரும். டிசம்பரில் வந்து நேரில் பாருங்கள்.

நிப்பிள் பார்த்தேன். இரண்டு பக்கமும் கீழே, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெடல் இன்னும் அப்படித்தான், இரண்டாம் மிதிக்குத்தான் பிடிக்கிறது. கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்கிறது. என்ன பிழை என்று தெரிந்தால் உடனே எழுதுங்கள். என்னோடு உள்ள கோபத்தை வேறாக வையுங்கள்.

றஞ்சிதம்


தோஹா
16.08.1996

றஞ்சிதத்துக்கு,

உமது ஆகஸ்ட் 2ந் திகதிக் கடிதம் 11ந் திகதி கிடைத்தது. நான் சுகம்.

யார் என்று சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர். நல்லது. சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பீர். நான் இனி அதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

இங்கே எங்கள் அறையில் குளிரூட்டி பழுதாகி எட்டு நாள். மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுக்கிறோம். மலையாளக்காரர் ஒருவர் நல்ல மீன்குழம்பு வைக்கிறார், புளி கொஞ்சம் கூட. மேனேஜர் மாறிவிட்டார். புதியவர் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். டிசம்பர் லீவு கிடைக்குமோ தெரியாது. கிடைத்தாலும் வந்து என்ன செய்ய? அங்கே எல்லா வேலையும் நடந்துகொண்டுதானே இருக்கிறது.

நிப்பிள் விஷயம் கண்டேன். பெரிய பாஸ் ஒருவர் கை வைத்த வேலையில் நான் இங்கிருந்து மூக்கை நுழைப்பது அழகில்லை. அவரையே கேளும்.

மாக்ரெட் அன்ரியின் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லும்.

வரதராசா


தோஹா
01.09.1996

அன்புள்ள றஞ்சிதம்,

சுகம் கேட்க நேரமில்லை. இந்தக் கடிதம் கண்டவுடன் செய்ய வேண்டியதை முதலில் எழுதுகிறேன். காரை எடுக்க வேண்டாம். ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம். முற்றத்தில் தள்ளுவதானாலும் சில்லடியில் கல் போட ஒரு ஆளை வைத்துக்கொண்டு தள்ளும்.

இன்றைக்கு உமது பழைய கடிதங்களை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். நிப்பிள் கீழே பார்த்திருக்கிறது என்ற இடம் திடீரென்று கண்ணில் பட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடது கலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் பூட்டியிருக்கிறார். காற்று மேலேதானே ஏறும்? நிப்பிள் கீழே இருந்தால் மேலே தங்கிய காற்று ஒருநாளும் வெளியே வராது. வருடம் முழுக்க மிதித்தாலும் வராது. முதல் மிதிக்கு அந்தக் காற்றுத்தான் அமுங்குகிறது, பிரேக் பிடிப்பதில்லை. ஆற அமர ஓடும்போது இரண்டுமுறை மிதிக்கலாம். அவசரத்தில் ஒருமுறைதான் மிதிக்க நேரம் இருக்கும்.

இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றிப் பூட்டி, நிப்பிள் மேலே வரவிட்டு, புதிதாகக் காற்று எடுக்கச் சொல்லும். அரைநாள் வேலை. றவூப் பாசுக்கு இதைக் காட்டும்.

மாக்ரெட் அன்ரியின் போனுக்கு எடுத்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. அதனால் கடிதத்தை எக்ஸ்பிரசில் போடுகிறேன். கலியாணத்துக்கு முதல் வந்துவிடும். வர வேண்டும்.

நான் எழுதிய மற்றக் கதையெல்லாவற்றையும் மறந்துவிடும். வெயிலில் கிடக்கிறவனின் புத்தி. கோபித்துக்கொள்ளாதேயும்.

என்றும் உமது அன்பான
வரதராசா


வெள்ளவத்தை
16.09.1996

அன்புள்ள அத்தானுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை வாசித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியை வாசியுங்கள்.

சனிக்கிழமை காலை காரைப் பூவால் சோடித்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனோம். றவூப் நானா ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன், மடியில் பெண்ணின் பூச்செண்டு. வழி முழுக்க ஒவ்வொரு சென்றியிலும் அவர் முன்கூட்டியே இரண்டுமுறை மிதித்து நன்றாக நிறுத்தினார். கொட்டாஞ்சேனைக்குக் கிட்டப் புதிதாக ஒரு சென்றி போட்டிருந்தார்கள். முன்னே போன பஸ் அதைக் கண்டு சடாரென்று நின்றது. அதைச் சுற்றி எடுக்க, பீப்பாவும் ஆமிக்காரர்களும் நேரே முன்னால். அவர் மிதித்தார். பெடல் அடிமட்டத்துக்குப் போனது. இன்னொருமுறை மிதிக்க இடமில்லை. இடது பக்கம் மதில், நான் இருந்த பக்கம். அவர் ஸ்டியரிங்கை வலது பக்கம் முறித்துத் தன் பக்கத்தை விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் அடித்தார்.

நாலு துவக்கு எங்களைப் பார்த்தது. கை தொங்கிக்கொண்டிருக்க அந்த மனிதர் கத்தினார், “மஹத்தயா, வெடி தியன்ன எபா! பிரேக் நே, பிரேக் நே!” சுட வேண்டாம், பிரேக் இல்லை என்று. நான் பூச்செண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பூவைக் கண்டுதான் கலியாணக்கார் என்று அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு ஆமிக்காரப் பிள்ளைதான் கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தது.

எனக்கு நெற்றியில் ஆறு தையல், வேறொன்றுமில்லை. அவருக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்துபோச்சு. கட்டுப் போட்ட பிறகு பொலிசில் ஒருநாள் வைத்து விசாரித்தார்கள். கோவில் சுவாமி வந்து சொல்ல விட்டார்கள். அந்தக் கையால் ஸ்பானர் பிடிக்க ஆறு மாதமாகும், பிடித்தாலும் பழைய பலம் வராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கலியாணத்துக்கு வேறு கார் பிடித்தார்கள்.

இனி உங்களுக்கு எதை மறைத்து என்ன? பெடல் மிதித்தது மாக்ரெட் அன்ரி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்தச் சீட்டுக்குள் இறங்கி, “ஐயோ புள்ள, என்ட கால் கழருது, இன்னும் எத்தன தரம்?” என்று புலம்பிப் புலம்பி மிதித்தார். மயிலம்மா மாமி கேட்ட சிரிப்பு அதுதான். சில்லடியில் படுத்துக் காற்று எடுத்தது நான். றவூப் நானாவுக்கு அறுபத்திரண்டு வயது, பேரப்பிள்ளைகள் ஐந்து, வயிறு ஒரு அண்டா. லொறிக்குக் கீழே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிற ஆள், கொச்சிக்காய்க்குக் கீழே கைகூடப் போகவில்லை. அதனால் உங்கள் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நான் படுத்தேன். நீங்கள் செய்த இடத்தில் இருந்து செய்ய எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்து பார்த்து வாயைப் பிளப்பீர்கள் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தேன். பிறகு உங்கள் கோபத்தைக் கண்டு வீம்புக்கு ஒளித்தேன். முதலே சொல்லியிருக்கலாம். என்னிலும் பிழை இருக்கிறது.

நீங்கள் இங்கே இருந்திருந்தால் என்ன பிழை என்று பார்த்தவுடன் கண்டுபிடித்திருப்பீர்கள் என்றுதான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சீக்கிரம் வாருங்கள், அத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் றஞ்சிதம்


வெள்ளவத்தை
20.09.1996

அத்தானுக்கு,

செப்ரெம்பர் 1ந் திகதியிட்ட உங்கள் கடிதம் நேற்று, 19ந் திகதி கிடைத்தது.

வாசித்தவுடன் அழுதேன். அவ்வளவு தூரத்திலிருந்து என் மனுஷன் கண்டுபிடித்துவிட்டாரே, தபால் அல்லவா சதி செய்தது என்று அழுதேன். அதே கையோடு றவூப் நானா வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். உடைந்த காரிலிருந்து கலிப்பரைக் கழற்றிக் கொண்டுவந்திருந்த அவர் மகனும் பார்த்தான். நீங்கள் எழுதியது அச்சொட்டாகச் சரி. அந்த மனிதர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து இருந்தார். “தங்கச்சி, அவரு அவ்வளவு தூரத்துல ஈந்து காணுறாரு, நான் கண் முன்னுக்கு வெச்சிக்கிட்டுக் குருடனா ஈந்துட்டன். உங்கட உசிர எடுக்கப் பார்த்தது நான்தான். அவருக்கு எழுதுங்க, என்ன மன்னிச்சிக்கச் செல்லி” என்றார். கை சுகமானாலும் இனி ஒருவரின் பிரேக்கிலும் கை வைக்கமாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாராம். நாற்பது வருடமாகச் செய்த வேலை அது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களையெல்லாம் வரிசையாகக் கட்டிலில் வைத்து வாசித்தேன்.

திடீரென்று கண்ணில் பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே பார்த்திருக்கிறதா, கீழே பார்த்திருக்கிறதா என்று ஜூலை மாதமே கேட்டவர் நீங்கள். ஒன்றும் தெரியாதவர் அப்படிக் கேட்கமாட்டார். கீழே என்ற என் பதில் 11ந் திகதி கிடைத்தது என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். நிப்பிள் விஷயம் கண்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மீன்குழம்பில் புளி கூட என்று எழுத இடமிருந்திருக்கிறது. பிறகு 1ந் திகதிவரை இருபத்தொரு நாள். அந்த இருபத்தொரு நாளும் நீங்கள் வேலைக்குப் போனீர்கள், சாப்பிட்டீர்கள், மொட்டைமாடியில் படுத்தீர்கள்.

லைன் கிடைக்கவில்லையா? 1ந் திகதி, அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிநாட்டிலிருந்து ஒரு போன் கோல் வந்தது. மாக்ரெட் அன்ரியின் மகள்தான் எடுத்தாள். “றஞ்சிதம் அக்கா கீழ கார்ல நிக்கிறா, கூப்பிடவா?” என்று கேட்டாளாம். ஜன்னலடியில் போன். கீழே றவூப் நானா ‘மிதி, பிடி’ என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டார்கள் என்றாள். யாரோ ராங் நம்பர் என்று நாங்கள் அன்றைக்குச் சிரித்தோம். இரண்டு சொல், அத்தான். ‘காரை எடுக்காதே’ என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கோபம் என்று எழுதினால் அது பொய். கோபத்தைத் தாண்டிப் போய்விட்டேன். என் மேல் சந்தேகப்பட்டதைக்கூட நான் ஒருநாள் மறப்பேன், தூரத்தில் இருக்கிற புருஷன்மார் எல்லாருக்கும் உள்ள வருத்தம் அது. ஆனால் பிரேக் பிடிக்காது என்று தெரிந்துகொண்டு என்னை அந்தச் சீட்டில் இருக்க விட்டீர்களே, அதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

றவூப் நானாவுக்கு இதெல்லாம் தெரியாது. உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்தபோது திகதியை நான் வாசிக்கவில்லை. அப்போது எனக்கும் விளங்கியிருக்கவில்லை. இப்போது விளங்கியும் நான் போய்ச் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை. எழுத்தைத் துடைத்தது என் பிழை, அதை அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மாற்றிப் பூட்டியது அவர் பிழை, அதற்கு அவர் கையைக் கொடுத்துவிட்டார். மிச்சத்தை நீங்கள் எழுத வேண்டும். அவர் நன்றாகத் தமிழ் வாசிப்பார்.

அந்தக் கடிதம் கிடைத்ததென்று அவர் வாயால் சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரைக்கும் என் சுகம் விசாரிக்க வேண்டாம்.

அவருடைய விலாசம்:

ஜனாப் எம். எஸ். றவூப்
இல. 48/7, பள்ளி ஒழுங்கை
கிராண்ட்பாஸ்
கொழும்பு 14

றஞ்சிதம்